ரோஹித் அன்னைக்கு என்ன சொன்னார்? தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்!

2024 மே மாசம். கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். மைதானத்து ஓரமா நின்னு ரோஹித் சர்மா, அபிஷேக் நாயரோட பேசிட்டிருக்கார். நாயர் அப்போ கொல்கத்தா அணியோட பயிற்சியாளர்கள்ல ஒருத்தர், ரோஹித்தோட ரொம்ப நாள் நண்பர். அந்த ஐபிஎல் சீசன்லதான் மும்பை அணியோட கேப்டன் பதவி ரோஹித்கிட்டேயிருந்து ஹர்திக் பாண்டியாவுக்குப் போயிருந்தது. மனசுல என்னென்ன இருந்திருக்கும்!

அந்தப் பேச்சை கொல்கத்தா அணியே வீடியோவா போட்டாங்க. அப்புறம் நீக்கிட்டாங்க. ஆனா அதுக்குள்ள ஊரே கேட்டாச்சு. இரைச்சலுக்கு நடுவுல பாதி கேட்டும் பாதி கேட்காமலும் இருந்த வார்த்தைகளை வரி வரியா எழுதி, "ரோஹித் மும்பையை விட்டுப் போறாரா?"ன்னு தலைப்பு வச்சாங்க. 2025-லயும் அவர் மும்பைக்குத்தான் ஆடினார்.

அந்த வார்த்தைகள் எனக்கும் தெரியும். ஆனா இந்த வீடியோவுல அதைச் சொல்லப்போறதில்லை.

சில நாள் கழிச்சு மும்பை வான்கடே மைதானத்துல கேமரா பக்கத்துல வந்தப்போ ரோஹித் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆடியோவை நிறுத்துங்கப்பா, ஒரு ஆடியோ ஏற்கனவே என்னைப் படுத்திடுச்சு"ன்னு கெஞ்சினார். அந்தக் கெஞ்சலையும் ஒளிபரப்பினாங்க! தனிப்பட்ட பேச்சைப் பதிவு பண்ணாதீங்கன்னு கேட்டும் பண்ணிட்டாங்கன்னு ரோஹித் எக்ஸ் தளத்துல எழுதினார். பேச்சைப் பதிவு பண்ணவே இல்லை, அவர் வேண்டிக்கிட்டதை மட்டும்தான் காட்டினோம்னு ஒளிபரப்பின ஸ்டார் ஸ்போர்ட்ஸ் சேனல் பதில் சொன்னாங்க. எனக்கு அந்தப் பதில் போதலை. "என்னை விட்டுடுங்க"ன்னு ஒருத்தர் சொல்றதையே படம் பிடிச்சுக் காட்டினா, அவரை விட்டதா ஆகுமா?

தமிழ்ல இதுக்கு ரெண்டு சொல் இருக்கு. ஒண்ணு, காதுல விழுறது. இன்னொண்ணு, ஒட்டுக்கேட்கிறது. காதுல விழுந்தா அது யார் குத்தமும் இல்லை. ஆனா விழுந்ததை அச்சுல ஏத்துறது யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எடுக்கிற முடிவு. "பகல்ல பக்கம் பார்த்துப் பேசு"ன்னு பேசுறவனுக்குத்தான் பழமொழி இருக்கு. கேட்கிறவனுக்கு என்ன விதி?

இப்போ கிரிக்கெட்டை விட்டு, உங்களை ஃபிரான்ஸ் கால்பந்து அணிகிட்ட கூட்டிட்டுப் போறேன். எனக்கு இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது.

2010 உலகக் கோப்பை, தென்னாப்பிரிக்கா. அதுக்கு முந்தைய 2006 உலகக் கோப்பையில இறுதிப்போட்டி வரைக்கும் போன அணி ஃபிரான்ஸ். ஜூன் 17, பொலோக்வானேயில மெக்சிகோவோட ஆட்டம். இடைவேளையில டிரெஸ்ஸிங் ரூம்ல பயிற்சியாளர் ரேமோன் டொமனெக்குக்கும் அணியோட வீரர் நிக்கோலா அனெல்காவுக்கும் வாக்குவாதம். ரெண்டாவது பாதியில அனெல்கா இறங்கலை. ஃபிரான்ஸ் 2-0ன்னு தோத்துச்சு.

ஜூன் 19 காலையில 'லெக்கிப்' பத்திரிகையோட முதல் பக்கத்துல பெரிய பெரிய எழுத்துல ஒரு கெட்ட வார்த்தை வசவு. அனெல்கா பயிற்சியாளரைத் திட்டினதா, மேற்கோள் குறிக்குள்ள! கதவு மூடின அந்த ரூமுக்குள்ள நிருபர் யாரும் கிடையாது. உள்ளே இருந்த யாரோ சொல்லி வெளியே வந்த வார்த்தைங்க அது. நான் அப்படிச் சொல்லலைன்னு அனெல்கா மறுத்தார். மன்னிப்பு கேட்கவும் மறுத்தார். அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

கேப்டன் பாத்ரிஸ் எவ்ரா என்ன சொன்னார் தெரியுமா? பிரச்சினை அனெல்கா இல்லை, எங்க நடுவுல இருக்கிற துரோகிதான்னார். மறுநாள் நைஸ்னாவுல பயிற்சி. ரசிகர்கள் பார்த்துட்டிருக்காங்க. வீரர்கள் பஸ்ஸுல ஏறி உட்கார்ந்துட்டாங்க. இன்னைக்குப் பயிற்சி பண்ண மாட்டோம், அனெல்காவை அனுப்பினது தப்புன்னு ஒரு அறிக்கை. அதைப் பத்திரிகைக்காரங்க முன்னாடி நின்னு வாசிச்சது யாரு? டொமனெக்! திட்டு வாங்கின மனுஷனே, திட்டினவருக்கு ஆதரவா எழுதின கடிதத்தைப் படிக்கிறார். ஒரு நிமிஷம் நிறுத்தி அந்தக் காட்சியைக் கண்ணு முன்னாடி கொண்டுவந்து பாருங்க.

கடைசி ஆட்டத்துல தென்னாப்பிரிக்காகிட்ட 2-1ன்னு தோத்து, குரூப்ல கடைசி இடத்தோட ஊர் திரும்பினாங்க. அனெல்காவுக்கு 18 ஆட்டத் தடை. பத்திரிகை மேல அவதூறு வழக்கு போட்டார், அதுலயும் தோத்தார். ஆனா பின்னாடி டொமனெக்கே சொன்னார், முதல் பக்கத்துல வந்த அந்த வார்த்தைகளை அனெல்கா சொல்லலைன்னு. சண்டை நடந்தது நிஜம். அதை எழுதினதும் சரிதான்னு நான் சொல்வேன், ஒரு வீரர் பாதியில வெளியே உட்காருறது நாட்டுக்கே தெரிய வேண்டிய செய்தி. ஆனா கேட்காத வார்த்தைக்கு எதுக்கு மேற்கோள் குறி? "கடுமையா திட்டினார்"னு எழுதியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?

சரி, மைக்கே நேரா கேட்டுட்டா? 2018 கடைசியில இருந்து, பந்து ஆட்டத்துல இல்லாத நேரத்துலயும் ஸ்டம்ப் பக்கத்துல வச்சிருக்கிற 'ஸ்டம்ப் மைக்' சத்தத்தை ஒளிபரப்பலாம்னு சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் ஐசிசி விட்டுடுச்சு. 2019 பிப்ரவரி, செயின்ட் லூசியா டெஸ்ட். "அதை வசவா பயன்படுத்தாதீங்க, தன்பாலின ஈர்ப்புல தப்பே இல்லை"ன்னு இங்கிலாந்து கேப்டன் ஜோ ரூட் சொன்னது மைக்ல தெளிவா விழுந்தது. எதிர்ல வெஸ்ட் இண்டீஸ் பந்துவீச்சாளர் ஷானன் கேப்ரியல் சொன்னது விழவே இல்லை. பாதிப் பேச்சு! ரூட்கிட்ட நிருபர்கள் கேட்டப்போ, மைதானத்துல பேசினது மைதானத்தோட இருக்கட்டும்னுட்டார். அப்புறம் கேப்ரியலே தான் சொன்னதை அறிக்கையா வெளியிட்டு மன்னிப்பு கேட்டார். நாலு ஒருநாள் ஆட்டத் தடையும் வந்தது.

அதுக்கு ஒரு மாசம் முன்னாடி டர்பன்ல பாகிஸ்தான் கேப்டன் சர்ஃபராஸ் அகமது உருதுல சொன்னதை எழுதியே ஆகணும். ஏன்னா அது நண்பன்கிட்ட சொன்ன புலம்பல் இல்லை. எதிர்ல ஆடுற தென்னாப்பிரிக்க வீரர் ஆண்டிலே பெலுக்வாயோவை நிறத்தைச் சொல்லிக் கேவலப்படுத்தினது. அடிபட்டவருக்கு அந்த மொழி புரியலைங்கிறதுக்காக அதை மூடி மறைக்க முடியுமா? அவருக்கும் நாலு ஆட்டத் தடை.

நிருபரா இருக்கிற நண்பர்கள் நிறைய பேர் இந்தச் சேனலைப் பார்க்கிறீங்க. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்கிறேன். எழுதுறதுக்கு முன்னாடி அந்த வீரர்கிட்ட போய் நில்லுங்க. "இது என் காதுல விழுந்தது, எழுதப்போறேன், நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேளுங்க. அவர் முகத்துக்கு நேரா அதைக் கேட்க உங்களுக்கே கூச்சமா இருந்தா, அது எந்த மாதிரி செய்தின்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

நான் சொன்னதுல உடன்பாடு இல்லைன்னா கமெண்ட்ல சண்டை போடுங்க, எல்லாத்தையும் படிக்கிறேன். ரோஹித் நாயர்கிட்ட என்ன சொன்னார்ங்கிறதை மட்டும் தயவுசெஞ்சு அங்கே எழுதாதீங்க.