விற்கும் கட்டாயம் வராத முதலீடு

நேயர்களுக்கு வணக்கம். பொருளாதாரம் தள்ளாடும்போதெல்லாம் எதை வாங்கலாம் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. விலை விழுந்த நேரத்தில் விற்றே ஆகவேண்டிய கட்டாயம் நமக்கு வருமா என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. பாதியாகக் குறைந்த பங்கு பழைய விலையைத் தொட 100 சதவீதம் ஏறவேண்டும். அதுவரை பொறுத்திருக்க முடியாமல் விற்றவருக்கு அந்த நஷ்டம் நஷ்டம்தான்.

ஆகவே முதலில் 6 மாதச் செலவுக்கான பணத்தை நினைத்தவுடன் எடுக்கும்படி தனியாக வையுங்கள். ஒருவர் சம்பாத்தியத்தில் ஓடும் குடும்பம் என்றால் 12 மாதத்துக்கு. வேலை பறிபோவதும் சந்தை விழுவதும் பெரும்பாலும் சேர்ந்தே வரும் என்பதால் இந்தப் பணம் பங்குகளில் இருக்கவே கூடாது. 5 ஆண்டுக்குள் தேவைப்படும் பணமும் அப்படியே.

அடுத்து கடன் பத்திரங்கள், அதாவது அரசுக்கோ நிறுவனத்துக்கோ கடன் கொடுத்து வட்டி வாங்கும் முதலீடு. இவை எப்போதும் பாதுகாப்பானவை என்று பலரும் நம்புகிறார்கள். 2022-இல் அமெரிக்காவில் வட்டி விகிதம் வேகமாக உயர்ந்தபோது பங்குகளும் பத்திரங்களும் சேர்ந்தே சரிந்தன. புதிய பத்திரம் கூடுதல் வட்டி தரும்போது, பழையதை யார் பழைய விலைக்கு வாங்குவார்கள்? எவ்வளவு விழும் என்பதை டியூரேஷன் என்ற எண் காட்டும். அது 7 என்றால், வட்டி 1 சதவீதப் புள்ளி ஏறும்போது விலை ஏறத்தாழ 7 சதவீதம் இறங்கும். 2 என்றால் 2 சதவீதம்தான். பலரின் பணத்தைத் திரட்டிப் பத்திரத்திலோ பங்கிலோ போடும் ஃபண்டின் வழியாக வாங்கினால், அதன் விவர அறிக்கையில் இந்த எண்ணைப் பாருங்கள். பணம் 3 ஆண்டில் வேண்டுமென்றால் 7 டியூரேஷன் உங்களுக்கு ஆகாது.

பணத்தைப் பல இடங்களில் பிரித்துப் போடுவதிலும் ஏமாந்துபோகிறோம். பத்து ஃபண்ட் வைத்திருப்பார்கள். பத்திலும் அதே பெரிய நிறுவனங்கள் இருக்கும். ஒரே நாட்டை நம்புவதும் ஆபத்து: ஜப்பானின் நிக்கேய் பங்குச் சந்தைக் குறியீடு 1989 இறுதியில் தொட்ட உச்சத்தைத் திரும்பத் தாண்டியது 2024-இல்தான். வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கையே சேமிப்பாகக் குவித்தால், சம்பளமும் சேமிப்பும் ஒரே நாளில் போகலாம்.

இனி, சந்தை விழுந்து மாறிப்போன விகிதத்தைத் திரும்பச் சரிசெய்ய ஒரு கணக்கு. பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 100. பங்கில் 60, பத்திரத்தில் 40. பங்கு 30 சதவீதம் விழுந்தால் 60 என்பது 42 ஆகும். பத்திரம் மாறவில்லை என்றால் மொத்தம் 82. பங்கின் விகிதம் இப்போது 51 சதவீதம். பழைய 60 சதவீதத்துக்குத் திரும்ப, பங்கில் 49.2 வேண்டும். அதாவது பத்திரத்தில் 7.2 விற்றுப் பங்கு வாங்கவேண்டும். எல்லோரும் அஞ்சி ஒதுங்கும் நாளில் இதைச் செய்ய மனம் வராது. அதனால்தான், விகிதம் 5 புள்ளி விலகினால் சரிசெய்வேன் என்று சந்தை அமைதியாக இருக்கும்போதே எழுதி வைக்கச் சொல்கிறேன். தினமும் பார்க்கத் தேவையில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை போதும்.

விற்றால் வரியும் வெளியேறும் கட்டணமும் வரலாம். அதனால் மாதச் சேமிப்பைக் குறைந்துபோன பக்கம் போட்டே முடிந்தவரை ஈடுகட்டுங்கள். போதாததற்கு மட்டும் விற்றால் போதும். வணக்கம்.