பெயர்ப்பலகைக்கு பெயின்ட் அடித்தது யார்?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, சாப்பாட்டுக்கு அப்புறமும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, வணக்கம். விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லா பெயரை ஊரெல்லாம் வைத்தது மரியாதையா, சடங்கா? மரியாதை என்பது எங்கள் அணி. தலைப்பைச் சொல்லியாச்சு, இனி அதைப் பற்றி நான் கவலைப்படப் போவதில்லை.

ஹரியானா மாநிலம் கர்னால். அறுபதுகளில் ஒரு வீட்டில் ஒரு சின்னப் பெண், கூப்பிடுவது மோன்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறார்கள். பெயர் என்ன என்று கேட்டால், கூட வந்தவர் சொல்கிறார்: கல்பனா, ஜோத்ஸ்னா, சுனைனா என்று மூன்று யோசித்திருக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை! சேர்க்கை நோட்டைத் திறந்து பேனாவையும் எடுத்தாச்சு, பெயர் முடிவாகலையாம். சரி, உனக்கு எது வேணும் என்று குழந்தையையே கேட்டால், அது சொன்னது கல்பனா.

இருங்க, இதை அவ்வளவு சீக்கிரம் விட முடியாது. நம் வீட்டில் தாத்தா ஒரு பெயர் சொல்வார், மாமியார் குலதெய்வத்தைக் கொண்டுவருவார், எண்கணிதக்காரர் கடைசியில் ஒரு 'ஹெச்' போடச் சொல்வார். யாராவது குழந்தையைக் கேட்டோமா? கர்னாலில் கேட்டார்கள். பெரியவர்களெல்லாம் முழிக்க, தொட்டிலை விட்டு இறங்கி எத்தனையோ நாளான பெண் தானே தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது. அப்படி வைத்த பெயர்தான் இன்றைக்கு 51826 எண்ணுள்ள சிறுகோளுக்கு இருக்கிறது, செவ்வாயில் ஒரு குன்றுக்கு சாவ்லா என்றே பெயர், கர்னால் மருத்துவக் கல்லூரிக்கு இருக்கிறது.

எதிரணி ஐயா ஒன்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போனார். மெட்சாட் என்று சும்மா சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோளுக்கு கல்பனா-1 என்று போர்டு மாத்தினாங்க, பெயின்ட் செலவுகூட இல்லை என்றார். ஐயா, 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு நீங்கள் ஏணி போடுங்கள், பெயின்ட் நான் வாங்கித் தருகிறேன்! அப்புறம் அது என்ன சும்மா? 2002 செப்டம்பர் 12, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. கொண்டுபோனது. வானிலைக்கென்றே இஸ்ரோ அனுப்பிய முதல் செயற்கைக்கோள். கல்பனா போன கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறியது 2003 பிப்ரவரி 1, அன்றைய பிரதமர் வாஜ்பாய் பெயரை அறிவித்தது 5. நாலு நாள்! நம் தெருவில் பல்பு மாற்ற மனு கொடுத்தால் எத்தனை நாள் ஆகும்? ஏழு வருஷம் உழைத்தால் போதும் என்று அனுப்பியதை, அதையும் தாண்டி வேலை வாங்கினார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்ப் பக்கம் வந்தபோது வானிலை ஆய்வு மையம் பார்த்த மேகப் படங்களில் கல்பனா-1 அனுப்பியதும் உண்டு. பெயர் மாத்தின பிறகுதான் ஐயா அது இவ்வளவு வேலையும் செய்தது. இன்னொன்று, கல்பனா-1 நின்ற இடம் 74 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை, நியூயார்க் ஜாக்சன் ஹைட்ஸில் அவர் பெயர் வைத்த தெரு 74வது தெரு. இதற்கும் வாதத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் நீங்கள் கைதட்டலாம்.

சிரித்தது போதும். 2020 ஆகஸ்ட், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கம். தண்ணீருக்குள் நான்கு இளைஞர்கள் மூழ்குகிறார்கள். கரையில் மூன்று பெண்கள். கயிறு தேடவில்லை, யார் பார்ப்பார்கள் என்று யோசிக்கவில்லை, கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் பிடித்துக் கரையேறினார்கள். இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. நம் ஊரில் ஒரு பெண் பொது இடத்தில் முந்தானை விலகினாலே எத்தனை கண் திரும்பும் என்று இந்த அரங்கில் இருக்கிற ஒவ்வொரு அம்மாவுக்கும் தெரியும். அந்த மாதம் 15ஆம் தேதி அந்த மூன்று பேருக்கும் தமிழக அரசு கொடுத்தது, துணிச்சலுக்கான கல்பனா சாவ்லா விருது.

அமெரிக்காவின் டெக்சஸில் படித்த பெண் கல்பனா. தரையிறங்கப் பதினாறு நிமிஷம் இருக்கையில் அந்த டெக்சஸ் வானத்திலேயே போனார். அவர் பெயரைக் கொட்டரைப் பெண்களுக்குக் கொடுத்ததை, நடுவர் அவர்களே, அந்த மூன்று பேரின் முகத்தைப் பார்த்துச் சடங்கு என்று சொல்ல எதிரணியில் யாருக்காவது வாய் வருமா? வந்தால் தீர்ப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். மணி அடிச்சாச்சு, நன்றி.