தெய்வங்களை விடுங்கள், அடுப்புக்குப் பின்னால் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. ஸ்லாவியத் தொன்மங்களை, குறிப்பாக ரஷ்ய நாட்டுப்புற நம்பிக்கைகளை வைத்து ஃபேன்டஸி எழுத நினைப்பவர்களுக்காக இந்த வீடியோ. நான் அழுத்திச் சொல்லப்போவது ஒன்றுதான். தெய்வங்களில் தொடங்காதீர்கள், வீட்டில் தொடங்குங்கள்.

ஏன் என்றால், இந்தப் பக்கம் வருகிற பலரும் முதலில் தேடுவது பெரூன், வேலெஸ் என்ற பெயர்களைத்தான். இடிக்கு ஒரு தெய்வம், கால்நடைக்கு ஒரு தெய்வம், இருவருக்கும் ஜென்மப் பகை, அதை வைத்து மூன்று பாக நாவல். ஆனால் கிரேக்கர்களுக்கு இருப்பது போலத் தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதிவைத்த கதைகள் ஸ்லாவியரிடம் மிஞ்சவில்லை. பெரூன், வேலெஸ் சண்டை என்பது இவானவ், தொபரோவ் என்ற இரண்டு சோவியத் ஆய்வாளர்கள் சிதறிக் கிடந்த துணுக்குகளிலிருந்து கட்டிய மீட்டுருவாக்கம். அருமையான உழைப்பு, கதைக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஊர்ப் பாட்டிகள் சொல்லிவந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். 'வேலெஸ் புத்தகம்' என்று ஒன்றை யாராவது காட்டினால் அது போலி, அதோடு விட்டுவிடுங்கள்.

பெரூன்தான் வேண்டும் என்றால் பழைய வரலாற்றேட்டில் இருப்பதை எடுங்கள். 980-ல் கீவ் நகரை ஆண்ட இளவரசர் விளாதிமிர் அங்கே ஒரு குன்றின்மேல் பெரூனுக்கு மரச்சிலை வைக்கிறார், வெள்ளித் தலை, பொன் மீசை. 988-ல் அவரே கிறிஸ்தவத்துக்கு மாறி, அதே சிலையைக் குதிரை வாலில் கட்டி இழுக்கச் சொல்லி, கம்பால் அடிக்க 12 ஆட்களையும் போட்டு, தினேப்பர் ஆற்றில் தள்ளவைக்கிறார். ஞானஸ்நானம் பெறாத மக்கள் அழுதார்களாம். சிலை எங்காவது கரை ஒதுங்கினால் தள்ளிவிடுங்கள் என்று ஆட்களையும் கூடவே அனுப்புகிறார். அந்த ஆட்களில் ஒருவனை, கழியை வைத்துக்கொண்டு கரையோரமாக நடந்தபடியே நேற்றுவரை கும்பிட்ட தெய்வத்தைத் தள்ளிக்கொண்டு போகிறவனை, நாயகனாக வைத்துப் பாருங்கள். எனக்கு அது எந்தத் தேவ யுத்தத்தையும்விடப் பெரிய கதை.

சரி, வீட்டுக்கு வருவோம். ரஷ்யக் கிராம வீட்டில் அடுப்பு என்பது பாதி அறையை அடைத்துக்கொள்ளும், அதன்மேல் ஏறிப் படுத்துத் தூங்குவார்கள். அதன் பின்னாலோ அடியிலோ தொமவோய் இருக்கிறார். வீட்டுக் காவல், கொஞ்சம் முன்னோர், முடி அடர்ந்த சின்ன உருவம். தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு மாறும்போது பழைய அடுப்பின் தணலை ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டுபோய்ப் புது அடுப்பில் போட்டு, "வாங்க தாத்தா, புது வீட்டுக்கு வாங்க" என்று அழைக்கிற வழக்கம் இருந்தது. அழைக்காமல் விட்டுவிட்டால்? அங்கேயே ஒரு கதை தொடங்கிவிட்டது, மந்திரக்கோல் எதுவும் தேவையில்லை.

வாசலைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளிப் போனால் பான்யா, நீராவிக் குளியல் கொட்டகை. அங்கே இருக்கிற பான்னிக் அவ்வளவு நல்லவர் இல்லை. எல்லோரும் குளித்து முடித்தபின் ஒரு முறை அவருக்கென்று சூட்டையும் தண்ணீரையும் விட்டுவைக்க வேண்டும், நள்ளிரவுக்குப் பிறகு உள்ளே போகக்கூடாது. அங்கே சாமி படம் மாட்டமாட்டார்கள், போகும்போது கழுத்துச் சிலுவையைக் கழற்றிவிடுவார்கள். ஆனால் பெண்கள் பிரசவத்துக்கும் அதே பான்யாவுக்குத்தான் போனார்கள், ஏனென்றால் சூடும் வெந்நீரும் தனிமையும் கிடைக்கிற இடம் அதுதான். பிறப்பும் ஆபத்தும் ஒரே கூரையின் கீழ். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கதைக்களம் குறைவு.

அப்புறம் வயல். நடுப்பகலில் வேலை செய்தால் வருகிறவள் பொலுத்னித்சா. பயம் என்றாலே இருட்டு என்று எழுதிப் பழகிய கைக்கு, கண் கூசும் வெயிலில் வருகிற பேய் நல்ல பயிற்சி. அதைத் தாண்டினால் காடு, அங்கே லேஷி என்ற காட்டு ஆவி. மரங்களுக்கு நடுவே மர உயரம் இருப்பார், புல்லுக்கு நடுவே புல் உயரம். வழி தவறவைத்தால் சட்டையைத் திருப்பிப் போட்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட வேண்டும்.

கவனித்தீர்களா, அடுப்பிலிருந்து தள்ளிப் போகப் போக ஆபத்து ஏறுகிறது, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. உங்கள் உலகத்தின் வரைபடம் இதுதான், மலைத்தொடரும் ராஜ்ஜியங்களும் பிறகு வரட்டும்.

அந்த வரைபடத்தின் எல்லையில்தான் பாபா யாகா என்ற சூனியக்கிழவி. கோழிக்கால் குடிசை, உரலில் உட்கார்ந்து உலக்கையால் உந்திப் பறப்பது எல்லாம் நம்மில் பலருக்கும் தெரியும், மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்கள் மூலமாகவே ரஷ்யக் கதைகள் நம் வீடுகளுக்குள் வந்திருக்கின்றன. அவள் உயிரோடு இருப்பவர்களின் உலகத்துக்கும் இறந்தவர்களின் உலகத்துக்கும் நடுவில் நிற்கிற காவல்காரி என்று நாட்டுப்புறக் கதை ஆய்வாளர் விளாதிமிர் பிராப் 1946-ல் விரிவாக எழுதினார். ஆனால் அவளைக் கிழட்டு வில்லியாக மட்டும் எழுதிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பல கதைகளில் நாயகன் குடிசைக்குள் நுழைந்ததும் அவள் எங்கே போகிறாய் என்று அதட்டுவாள், அவனும் விடமாட்டான், முதலில் சாப்பாடு போடு, குளிக்க வை, அப்புறம் கேள்வி கேள் என்பான். அவளும் செய்வாள்! விருந்தாளிக்கான வீட்டுச் சட்டம் மனிதரைத் தின்கிறவளையும் கட்டுப்படுத்துகிறது.

அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட ரஷ்ய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில், யாகாவின் குடிசைக்குப் போகிற வசிலீசா என்ற பெண்ணின் கதை இருக்கிறது, அதைக் கட்டாயம் படியுங்கள். வெளியே பார்த்த வெள்ளை, சிவப்பு, கறுப்புக் குதிரைவீரர்களைப் பற்றி வசிலீசா கேட்கிறாள், யாகா பதில் சொல்கிறாள். உள்ளே வேலை செய்கிற, உடம்பே இல்லாத மூன்று ஜோடிக் கைகளைப் பற்றி மட்டும் அவள் கேட்பதில்லை. வெளியே பார்த்ததை மட்டும் கேட்டாய், நல்லது, என் வீட்டுக் குப்பை வெளியே போவது எனக்குப் பிடிக்காது என்கிறாள் யாகா. அந்தக் கைகள் யாருடையவை என்று கதையும் கடைசிவரை சொல்வதில்லை. உங்கள் கதையில் எல்லா மாயத்துக்கும் விளக்கம் எழுதி வைத்திருந்தால், அதில் ஒன்றையாவது இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

அடுத்த வீடியோவில் கஷேய், ஊசிக்குள் உயிரை ஒளித்துவைத்தவன். பார்ப்போம்.