பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்

(ஸ்தோத்திரப் பண்டிகைக் கூட்டத்தில் பேசியது)

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தலைமை தாங்கும் சேகர குரு ஐயா அவர்களே, விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும் உபதேசியார் ஐயா அவர்களே, கூப்பிட்டதும் மறுக்காமல் வந்த பஞ்சாயத்துத் தலைவி அம்மா அவர்களே, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, இன்றைக்கும் முன்வரிசையில் அதே பார்வையோடு உட்கார்ந்திருக்கும் பெரிய வாத்தியார் ஐயா அவர்களே, அசன விருந்துக்குக் காய் நறுக்கிக்கொண்டே காதை இந்தப் பக்கம் வைத்திருக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களே, சபைக் கமிட்டி அங்கத்தினர்களே! கமிட்டியைக் கடைசியில் சொன்னதற்குக் காரணம் உண்டு. அப்புறம் வருகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு ‘தேவனுக்கு ஒப்புக்கொடுத்தல்’. மூன்று காரியம் சொல்லப்போகிறேன்: ஒப்புவித்தல், காத்திருத்தல், கீழ்ப்படிதல்.

37-ம் சங்கீதம் 5-ம் வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம். ‘உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு, அவரே காரியத்தை வாய்க்கப்பண்ணுவார்.’ ‘ஒப்புவித்து’ என்று நாம் படிக்கும் இடத்தில் எபிரெயத்தில் ‘உருட்டிவிடு’ என்று இருக்கிறது. தூக்க முடியாத சுமையை உருட்டித்தானே விட வேண்டும்? நாம் உருட்டியும் விடுகிறோம், பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்தும் கொள்கிறோம்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தாத்தா பனையேறி. அதிகாலையில் மரத்தடியில் நின்று, தூரில் கை வைத்து, கண்ணை மூடி ஒரு ஜெபம். கண்ணைத் திறந்ததும், மரம் ஏறக் காலில் மாட்டும் தளைநாரை இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பார்ப்பார். “ஜெபம் பண்ணியாச்சே தாத்தா, அப்புறம் எதுக்கு இழுத்துப் பாக்கீங்க?” என்று கேட்டேன். “நாரு பிஞ்சா ஆண்டவர் மேல பழி வந்துரும்லா” என்றார். ஒருநாள் அவர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, தளையைக் காலில் மாட்டிக்கொண்டு ஒரு மரத்தில் ஏறிவிட்டேன். பாதி மரம் போனதும் கீழே பார்த்தேன். அவ்வளவுதான். மரத்தைக் கட்டிப்பிடித்தவன் பிடித்தவன்தான், மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நெஞ்சுத் தோல் உரிந்து எரிகிறது. தாத்தா வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நிதானமாக உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து, நீச்சத்தண்ணியைக் குடித்து முடித்தார். அப்புறம் சொன்னார்: “ஏல, நீ புடிச்சதுனாலயா மரம் நிக்கி? பிடியைக் கொஞ்சம் தளத்து. பாரத்தத் தளையில போடு.” போட்டேன். இறங்கினேன். முதுகில் இரண்டு அடி விழுந்தது, அது வேறு கதை. சங்கீதத்துக்கு எத்தனையோ வியாக்கியானம் கேட்டுவிட்டேன், ‘பாரத்தத் தளையில போடு’ மாதிரி ஒன்று கேட்டதில்லை.

சரி, காத்திருத்தல். ‘தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்.’ இதை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று என் வீட்டிலேயே புகார். எபிரெயர் 11-ஐத் திறந்து பாருங்கள். ஆபேல் முதல் ஆபிரகாம், சாராள் வரை பேர் சொல்லிவிட்டு, 13-ம் வசனத்தில் என்ன இருக்கிறது? வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல், ‘தூரத்திலே அவைகளைக் கண்டு’. பார்த்துவிட்டுச் செத்தவர்கள்! எரேமியா தீர்க்கதரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமைச் சுற்றிப் பாபிலோன் சேனை, அவரோ காவலில். அந்த நேரத்தில் 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுத்து ஆனதோத்தில் நிலம் வாங்குகிறார், பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். நம் பக்கத்திலே இடையன்குடிக் கோவிலுக்கு 1847-ல் அஸ்திபாரம், 1880-ல் பிரதிஷ்டை. 33 வருஷம்! அதைக் கட்டின கால்டுவெல் ஐயர் இருந்து பார்த்தார். முதல் கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்.

இப்போது கமிட்டிக்கு வருகிறேன். கோவில் வளாகத்து மேற்கு ஓரத்தில் ஒன்பது பனை நிற்கிறது. கார் நிறுத்த இடம் வேண்டும், வெட்டிவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. அந்த ஒன்பதையும் வைத்தவர் யார் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. பதநீர் குடித்திருப்பாரா அவர்? பாளை விடவே பத்துப் பதினைந்து வருஷம் ஆகுமே! பனை நம் மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்தது. சட்டம் கிடக்கட்டும். குருத்தோலை ஞாயிற்றுக்கு ஓலையை எங்கே போய் வாங்குவீர்கள், ஆன்லைனிலா? ஆபிரகாம் பெயெர்செபாவிலே தோப்பை உண்டாக்கி அங்கேதான் கர்த்தரைத் தொழுதுகொண்டான். வாகனம் நிறுத்த இடம் உண்டாக்கினதாக என் பைபிளில் இல்லை.

ஜெபத்தில் ‘எல்லாம் உம்முடையது ஆண்டவரே’ என்கிறோம். அந்த ஒன்பது மரம் மட்டும் கமிட்டியுடையதா?

மூன்றாவது, கீழ்ப்படிதல். உபதேசியார் ஐயா மணியைக் கையில் எடுத்துவிட்டார், அசனம் ஆறுகிறது. வாசலில் சாக்கு நிறையப் பனங்கொட்டை வைத்திருக்கிறேன். ஆளுக்கு மூன்று. மழைக்கு முன்னால், ஒரு அடி ஆழம் தோண்டிப் போட்டால் போதும். முதல் கொட்டையைச் சேகர குரு ஐயா ஊன்றுவார்கள் என்று அறிவிக்கிறேன். ஐயாவிடம் இன்னும் கேட்கவில்லை.