பழைய இரும்புக்குப் போடுவதற்கு முதல் இதைப் பாருங்கள்! அழிந்துபோன அனிமே கேம்கள் திரும்பி வந்த கதை

[திரையில்: சாம்பல் நிறக் கட்டம், நடுவில் ஒரு சின்ன வட்டம். சத்தம் இல்லை.]

2021 ஜனவரி 12. அன்றைக்கு உலகம் முழுவதும் பிரவுசரில் விளையாடுகிற கேம்கள் கூட்டம் கூட்டமாக நின்றுபோயின. வைரஸ் வரவில்லை, யாரும் ஹேக் செய்யவுமில்லை. அந்தக் கேம்களைப் பிரவுசரில் ஓட வைத்த மென்பொருள் பிளாஷ் பிளேயர். அடோபி நிறுவனம் தன்னுடைய அந்தப் பிளேயருக்குள் ஏற்கெனவே ஒரு திகதியை எழுதி வைத்திருந்தது. அந்தத் திகதி வந்ததும் பிளேயர் கேமைத் திறக்க மறுத்துவிட்டது. அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன்களின் நாயகர்கள் நருட்டோவும் இச்சிகோவும் மோதிய கேம், கோகு பறந்து பறந்து அடித்த கேம் எல்லாம் இந்தச் சாம்பல் கட்டமாக மாறிவிட்டன.

ஆனால் இப்போது என் திரையைப் பாருங்கள்.

[திரையில்: நருட்டோவும் இச்சிகோவும் சண்டை. சத்தம் கூடுகிறது.]

அதே கேம். கிளிநொச்சியில் இருந்து, இன்றைக்கு, விளையாடிக்கொண்டிருக்கிறேன். எப்படி என்று சொல்கிறேன். கடைசிவரை நில்லுங்கள், ஏனென்றால் முடிவில் வன்னிப் பெடியள் எல்லாரிடமும் ஒரு வேலை கேட்கப்போகிறேன்.

வணக்கம் உறவுகளே. முதலில் பிளாஷின் வரலாறு, மூச்சுவிடாமல்: 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் வந்தது, மேக்ரோமீடியா வாங்கியது, 2005இல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது, 2010இல் ஐபோனுக்குள் பிளாஷ் வராது என்று ஸ்டீவ் ஜொப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார், 2017இல் அடோபி மூடுவிழாவை அறிவித்தது, 2020 கடைசியோடு கதை முடிந்தது. சரி, கேமுக்கு வருவோம்.

[திரையில்: 'பிளீச் வெர்சஸ் நருட்டோ' முதல் திரை.]

இந்தக் கேமை நருட்டோவை வரைந்த கிஷிமொட்டோ கேட்டு யாரும் செய்யவில்லை, இச்சிகோ வருகிற பிளீச் கதையை வரைந்த குபோ கேட்டும் செய்யவில்லை. நருட்டோ 1999இலும் பிளீச் 2001இலும் ஜப்பானின் ஒரே வார இதழில் தொடங்கிய இரண்டு வெவ்வேறு கதைகள். சீனாவில் இருந்த ஒரு ரசிகர் இரண்டு கூட்டத்தையும் ஒரே களத்தில் இறக்கிவிட்டார். நருட்டோ அடித்தால் இச்சிகோ தாங்குவானா என்ற கேள்விக்கு அவர் கேமாகவே பதில் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால், கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த எத்தனையோ அனிமே கேம்களை விட இதில் கைச்சுறுசுறுப்பு அதிகம்.

இந்தக் கேமின் உண்மையான ருசி ஒரே கீபோர்டில் இரண்டு பேர் விளையாடுவதில் இருக்கிறது. இடது பக்கத்தில் இருப்பவருக்கு நகர டபிள்யூ, ஏ, எஸ், டி. அடிக்க ஜே, பாய கே, சட்டென்று முன்னால் போக எல். வலது பக்கத்தில் இருப்பவருக்கு அம்புக்குறியும் இலக்கங்களும். தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். முழு வேகத்தில் சண்டை போகும்போது ஒருவருடைய அடி விழாது. விசையை அழுத்துகிறார், ஆள் அசையவே இல்லை. உடனே, "டேய், அளாப்பாதை!" என்று சண்டை திரைக்கு வெளியே தொடங்கிவிடும்.

உண்மையில் அங்கே யாரும் அளாப்பவில்லை. மலிவான கீபோர்டுக்குள் விசைகள் தனித்தனிக் கம்பியில் இல்லை. வரிசையும் நிரலுமாகக் கட்டம் போட்டு இணைத்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளைச் சேர்த்து அழுத்தினால், நாலாவது மூலை அழுத்தப்பட்டதா இல்லையா என்று கீபோர்டுக்குத் தெரியாது. பிழையான விசையை அனுப்பிவிடக் கூடாது என்று அதைக் கைவிட்டுவிடும். அந்தக் காலத்தில் சண்டை பிடித்துப் பேசாமல் விட்ட நண்பர்கள் யாராவது இருந்தால், இந்த வீடியோவை அவர்களுக்கு அனுப்புங்கள்.

சரி, ஒரு பழைய கேமுக்கு ஏன் இவ்வளவு துடிக்கிறேன்? விலைக்கு விற்ற கேம் என்றால் அதற்கு ஒரு முதலாளி இருப்பார். லாபம் தெரிந்தால் திரும்ப வெளியிடுவார். ரசிகர் செய்த கேமுக்கு அப்படி யாருமில்லை. செய்தவருக்குப் பாத்திரங்கள் சொந்தமில்லை, ஆகவே விற்க முடியாது. பாத்திரங்களின் சொந்தக்காரர் இந்தக் கேமைச் செய்யவில்லை, ஆகவே அவர் காப்பாற்றப் போவதில்லை.

முதலாளி இருந்தாலும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. 'ஜம்ப் ஃபோர்ஸ்' என்று பண்டாய் நாம்கோ வெளியிட்ட கேம் தெரியுமா? நருட்டோ, இச்சிகோ, கோகு, லூஃபி எல்லாரும் முறையான அனுமதியோடு ஒன்றாக மோதிய கேம். 2019இல் வந்தது. 2022 பெப்ரவரியில் இணையக் கடைகளில் இருந்து எடுத்துவிட்டார்கள். மூன்றே வருடம்! அனுமதி எதுவும் இல்லாமல் ஒரு ரசிகர் செய்த கேமை நான் இன்றைக்கும் விளையாடுகிறேன். பலருடைய கையில் பிரதி இருந்ததுதான் காரணம்.

[திரையில்: ஏ9 வீதி, கரடிப்போக்குச் சந்தி.]

இங்கேதான் வன்னி வருகிறது. 2010க்குப் பிறகு சனம் மீளக் குடியேறி, கொமினிகேஷன் கடைகள் திறந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். இணையம் ஊர்ந்துதான் வரும். ஒரு கேம் திறக்கும்வரை பெடியள் காத்திருந்தால் கடைக்காரருக்கு நட்டம். அதனால் கெட்டிக்கார அண்ணைமார் என்ன செய்தார்கள்? கேமை ஒரு தடவை இறக்கி, ஃபோல்டரில் போட்டு, எல்லாக் கொம்பியூட்டருக்கும் பென் டிரைவில் ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து ரியூசன் நண்பனுக்கு, பள்ளிக்கூடக் கணினி அறைக்கு, மச்சானின் லப்டொப்புக்கு. நல்ல இணைப்பு உள்ள ஊரில் யாரும் இறக்கி வைக்க மினக்கெட்டிருக்க மாட்டார்கள். இல்லாத ஊரில்தான் பிரதிகள் தங்கும்.

[திரையில்: பிளாஷ்பொயின்ட் முகப்பு.]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2018 ஜனவரியில் அவுஸ்திரேலியாவில் பென் லாட்டிமோர் என்பவர் 'பிளாஷ்பொயின்ட்' என்ற காப்பகத்தைத் தொடங்கினார். இன்றைக்கு அதில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கேம்களும் அனிமேஷன்களும் இருக்கின்றன. ஃபைல்களைச் சேர்த்து வைப்பது மட்டும் போதாது என்பதுதான் அங்கே வந்த பெரிய சிக்கல். பல கேம்களுக்குள் ஒரு பூட்டு உண்டு. திறந்தவுடன், நான் எந்த இணையத்தளத்தில் இருக்கிறேன் என்று கேம் பார்க்கும். சொந்தத் தளம் இல்லையென்றால் ஓடாது. வேறு தளக்காரர் களவெடுத்துப் போடாமல் இருக்கச் செய்தவர் வைத்த காவல் அது. அந்தச் சொந்தத் தளமே மூடப்பட்டுவிட்டால்? கேம் கையில் இருக்கும், விளையாட முடியாது.

வன்னியில் மாடு வைத்திருந்த வீட்டுக்காரருக்கு இதற்கு மருந்து தெரியும். கன்று செத்துப்போனால் சில மாடுகள் பால் சுரக்காது. செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலை அடைத்து, கன்று மாதிரியே மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கும், மடியில் பால் இறங்கும். பிளாஷ்பொயின்ட் செய்வதும் அச்சொட்டாக இதுதான். உங்கள் கொம்பியூட்டருக்குள்ளேயே ஒரு சின்னச் சேர்வர் ஓடும். கேம் தன் பழைய தளத்தைத் தேடும்போது, அந்தக் கேள்வி வெளியே போகாமல் இந்தச் சேர்வர் பிடித்து, காப்பகத்தில் இருக்கிற ஃபைலை எடுத்துக் கொடுக்கும். தளம் எப்போதோ மூடப்பட்டிருக்கும், கேமுக்கு அது தெரியாது. கேமை உடைத்து மாற்றவே தேவையில்லை. இதை முதல்முதல் விளங்கிக்கொண்டபோது நான் கை தட்டினேன்.

'ரஃபிள்' என்று இன்னொரு வழியும் உண்டு. சாதாரண பிரவுசரில், போனிலும் கூட, பழைய பிளாஷை ஓட வைக்கும். பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் 2020 நவம்பரில் இருந்தே அதைப் பயன்படுத்துகிறது. மிகப் பழைய கேம்கள் அதில் அருமையாக ஓடும், பிந்திய காலத்துப் பெரிய கேம்கள் சில இடங்களில் தடுமாறும்.

[திரையில்: பழைய சிபியூ ஒன்றைத் திறக்கும் கைகள். தூசி.]

இப்போது நான் கேட்கிற வேலை. வீட்டில், கடையில், பள்ளிக்கூடத்தில் பழைய கொம்பியூட்டர் கிடந்தால், இரும்புக்காரருக்குக் கொடுப்பதற்கு முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள். புள்ளிக்குப் பிறகு எஸ்டபிள்யூஎஃப் என்று முடிகிற ஃபைல்களைத் தேடுங்கள். பிரவுசர் தற்காலிகமாகச் சேமித்து வைக்கிற ஃபோல்டருக்குள்ளும் தேடுங்கள். சில கேம்கள் ஒரே ஃபைல் இல்லை, அடுத்த கட்டங்களைத் தனித்தனியாக இறக்கும். முதல் ஃபைலை மட்டும் எடுத்தால் பாதியில் நின்றுவிடும். அதனால் ஃபோல்டரை முழுதாகவே கொப்பி பண்ணுங்கள், பெயர்களை மாற்றாதீர்கள். எந்தத் தளத்தில் விளையாடினீர்கள் என்று ஞாபகம் இருந்தால் அதையும் எழுதி வையுங்கள், பூட்டுத் திறக்க அந்த முகவரி வேண்டும். அவற்றை ஓட்டிப் பார்க்க, கண்ட கண்ட தளங்களில் பழைய பிளாஷ் பிளேயரை இறக்காதீர்கள். அதோடு வைரஸும் சேர்ந்து வரும். பிளாஷ்பொயின்டோ ரஃபிளோ போதும்.

முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு, எங்கே இருந்தாலும் சரி, கிடைத்த கேமின் பெயரைக் கமெண்டில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் முதல் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். பிளாஷ்பொயின்ட் பட்டியலில் இருக்கிறதா என்று நான் தேடிப் பார்க்கிறேன். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லி அவர்களுக்கு அனுப்புவோம். வருகிறவற்றை அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாகத் திறந்து, இரண்டு பேராக இருந்தே விளையாடுவோம்.