ஒரே நெருப்புல கரண்டும் சூடும்

எல்லாருக்கும் வணக்கம். கூப்பிட்டு பேச சொன்ன ரேடியோகாரங்களுக்கு ரொம்ப நன்றி. நான் சர்க்கரை ஆலைல பாய்லர் பார்த்து ரிட்டயர் ஆனவன், அதனால என் பேச்சும் பாய்லர் பக்கமாதான் போகும்.

டென்மார்க் மாதிரி குளிர் நாட்டுல சிட்டிக்கு கரண்ட் குடுக்குறவங்களே வீட்டுக்கு சூடும் குடுப்பாங்க, கரண்ட் எடுத்தது போக மிஞ்சுற சூட்டுல தண்ணிய காய்ச்சி பைப்புல தெருத்தெருவா அனுப்பிடுவாங்க. நம்ம மொரீசியஸ்ல அதுக்கு அவசியமில்ல, ஜூலைல மேட்டு ஊரான கியூர்பீப் பக்கம் கொஞ்சம் நடுங்குவோம், அவ்ளோதான். ஆனா அதே வேலைய, அதாவது கரண்ட் எடுத்தது போக மிஞ்சுற சூட்ட பயன்படுத்தறத, கரும்பு சாறு காய்ச்சறதுக்காக நம்ம சர்க்கரை ஆலைங்க எத்தனையோ வருஷமா செய்யுது, நம்ம பிள்ளைங்களுக்கு இது தெரியவே மாட்டேங்குதுன்னு எனக்கு ரொம்ப ஆதங்கம்.

100 கிலோ கரும்பு பிழிஞ்சா சுமாரா 30 கிலோ சக்கை வரும், நாம பகாஸ்னு சொல்றோமே அதான், அதுலயும் பாதி தண்ணி. அந்த ஈர சக்கைய காத்தடிச்சு பாய்லருக்குள்ள வீசுவோம், கீழ விழறதுக்குள்ளயே பாதி அந்தரத்துல பத்திக்கும். பார்க்கறதுக்கு சின்னதா ஒரு கண்ணாடி இருக்கும், தீ வெள்ளையும் மஞ்சளுமா இருந்தா கவலை இல்ல. ராத்திரி மழைல நனைஞ்ச கரும்பு வந்துச்சுன்னா தீ செவந்து மங்கும், பிரஷர் முள்ளு மெதுவா எறங்கும், உடனே மில் பக்கம் போன் போட்டு கரும்பு பிழியற உருளைல ஊத்துற தண்ணிய கொறைங்கப்பான்னு கத்துவோம்.

2000ல வந்த பெல்வூ கரண்ட் ஸ்டேஷன்ல பாய்லர் ஆவி 82 பார் பிரஷர், 525 டிகிரி சூடு, கார் டயர்ல இருக்கறது 2 பார் சொச்சம்தான், அத வெச்சு யோசிச்சு பாருங்க. கரண்ட் எடுக்கற டர்பைன சுத்திட்டு வர்ற ஆவிக்கு பிரஷர் போயிருக்கும், சூடு முழுசா போயிருக்காது. அத அப்படியே சாறு காய்ச்ச அனுப்புவாங்க. வரிசையா பெரிய பெரிய கலம், முதல் கலத்துல சாறு கொதிச்சு வர்ற ஆவி ரெண்டாவது கலத்த சூடாக்கும், அதுல வர்றது மூணாவத சூடாக்கும், கடைசி கலத்துல காத்த உறிஞ்சி எடுத்துடுவாங்க, அதனால கம்மி சூட்டுலயே கொதிச்சிரும். ஒரு ஆவிய இத்தனை தடவ வேலை வாங்கறது சாதாரண காரியம் இல்லீங்க. போர்லூயில எண்ணெய் எரிக்கற இன்ஜின்ல பாதி சூடு சும்மாவே போகுது.

இப்ப நம்ம அரசாங்க கரண்ட் போர்டு சிஇபி, 1952ல வந்தது, தனக்கு வேண்டிய கரண்ட்ல பெரும் பங்க இந்த ஆலை ஸ்டேஷன் மாதிரி தனியார்கிட்டதான் வாங்குது. லாகூப், அதாவது கரும்பு வெட்டு சீசன், ஜூன் வாக்குல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் ஓடும். அது முடிஞ்சதும் அதே பாய்லர்ல நிலக்கரி, பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவுலேருந்து கப்பல்ல வர்றது. அந்த மாசங்கள்ல காய்ச்ச சாறும் கிடையாது, டர்பைன் ஆவிய சும்மா குளிர வெச்சு தண்ணியாக்கி திருப்பி விடறதுதான்.

கரும்பும் கொறைஞ்சு போச்சு. ஒரு காலத்துல வருஷத்துக்கு 50 லட்சம் டன்னுக்கு மேல வெட்டினோம், இப்ப அதுல பாதி கூட தேறல. மேதின் ஆலையும் மூடியாச்சு, மிச்சம் மூணே ஆலை. ஏன்னு கேட்டா, கரும்பு போடற சின்ன பிளாண்டர் கைல ஒண்ணும் நிக்கல, உரம் ஏறிப்போச்சு, வெட்ட ஆள் இல்ல, பையன் வெளிநாடு போயிட்டான், நிலம் புதரா கிடக்கு. அவங்க சக்கைலதான் ஊருக்கே லைட் எரிஞ்சுது, ஆனா அதுக்குன்னு அவங்களுக்கு ரொம்ப காலம் கெடைச்சது சொற்ப காசு. 2021 பட்ஜெட்லதான் ஒரு டன் சர்க்கரைக்கு 3,300 ரூபான்னு பகாஸ் காசு அறிவிச்சாங்க. இத நான் மனசார வரவேற்கறேன், இன்னும் முன்னாடியே வந்திருக்கணும்.

2030க்குள்ள நிலக்கரிய நிறுத்தறோம்னு 2021ல அரசாங்கம் சொல்லுச்சு. நிறுத்தட்டும், ஆனா அந்த எடத்துல எத எரிப்பீங்க? வெளியிலேருந்து மரத்தூள் கப்பல்ல வரப்போகுதா, இல்ல நம்ம வயல்லயே கெடக்கற கரும்பு சோகையும் சக்கையுமா? சோகைய மொத்தமா அள்ளிடவும் கூடாது, மண்ணுக்கு கொஞ்சம் விட்டாதான் ஈரம் நிக்கும், களையும் அடங்கும். மிச்சத்த கட்டி கொண்டுவர பிளாண்டருக்கு லாரி செலவு தனியா குடுக்கணும், டன்னுக்கு இவ்ளோன்னு எழுதியே குடுக்கணும். நிலம் சும்மா கெடக்கறவங்க கரும்பு தொழில பார்க்கற அரசாங்க அமைப்பான கேன் இண்டஸ்ட்ரி அத்தாரிட்டில போய் திரும்ப நடறதுக்கு என்ன உதவி இருக்குன்னு விசாரிங்க, தனியா போறத விட பக்கத்து நிலத்துக்காரங்களையும் சேர்த்து கூட்டிட்டு போங்க, ஏன்னா ஒரே எடத்துல சேர்ந்த நிலம்னாதான் மிஷின் எறங்கும்.