250 சொன்ன பிறகு மின்சாரம் போனால்? மின்னஞ்சல் சர்வருக்கான கோப்பு முறைமை

[திரை: கறுப்பு முனையத்தில் ஒரே வரி. 250 ஓகே]

வணக்கம். அஞ்சலை முழுவதுமாக வாங்கி முடித்த சர்வர், அனுப்பிய சர்வருக்குச் சொல்லும் பதில் இது. இதைக் கேட்டதும் அனுப்பியவர் தம் பிரதியை அழித்துவிடலாம். இனி அந்த அஞ்சலுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

2008இல் வெளியான, மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான விதிநூலான ஆர்எஃப்சி 5321 இங்கே கறாராக இருக்கிறது. ஏற்றுக்கொண்ட அஞ்சலை அற்பக் காரணங்களுக்காகத் தொலைக்கக் கூடாது என்கிறது. எவை அற்பக் காரணங்கள்? கணினி திடீரென விழுந்துவிடுவது ஒன்று. முன்கூட்டியே கணிக்கக்கூடிய வளப் பற்றாக்குறை இன்னொன்று. வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையான கோப்பு முறைமையை இந்த இரண்டையும் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வேக ஒப்பீட்டு வரைபடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் கணினி விழுவது. ஒரு நிரல் கோப்பில் எழுதினால், அது உடனே வட்டுக்குப் போய்விடுவதில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நினைவகத்தில் காத்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற பொறுப்பான அஞ்சல் சர்வர் நிரல்கள் எஃப்சின்க் என்ற அழைப்பால் அதை வட்டுக்குத் தள்ளிய பிறகே 250 சொல்கின்றன.

2009இல் லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை புதிதாகப் பரவியபோது, கணினி விழுந்து எழுந்ததும் சில கோப்புகள் பூஜ்ய அளவில் கிடந்தன. பெரிய கூச்சல் எழுந்தது. எஃப்சின்க் அழைக்காமல் கோப்புகளை மாற்றி எழுதிய நிரல்களே அதில் அடிபட்டன. கெர்னலும் பிறகு அத்தகைய நிரல்களுக்காகக் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. அதை வைத்து இஎக்ஸ்டி4 அஞ்சலுக்கு ஆகாது என்று இன்றும் சொல்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

[திரை: நினைவகம், வட்டின் கேஷ், வட்டு, இடமிருந்து வலமாக அம்புக்குறிகள்]

நடுவில் இருக்கும் பெட்டியைக் கவனியுங்கள். வட்டுக்குள்ளும் ஒரு கேஷ், அதாவது தற்காலிக நினைவகம், உண்டு. அதில் இருப்பதை வட்டில் எழுதி முடிக்கச் சொல்லும் கட்டளைக்குத்தான் பேரியர் என்று பெயர். இஎக்ஸ்டி4இல் அது இயல்பாகவே இயங்குகிறது. வேகம் கூடும் என்று, அதை நிறுத்திவிடும் நோபேரியர் தெரிவைப் போடச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் உலவுகின்றன. பல வட்டுகளை ஒன்றாக இயக்கும், பேட்டரியால் காக்கப்பட்ட ரெய்டு கன்ட்ரோலர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். மெய்நிகர் கணினியானால், அதை இயக்கும் கணினியான ஹோஸ்டில் கேஷ் அமைப்பு அன்சேஃப் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், உள்ளே எந்தக் கோப்பு முறைமையை வைத்தும் பயனில்லை.

அடுத்தது வளப் பற்றாக்குறை. அஞ்சல்களைச் சேமிக்கும் மெயில்டிர் அமைப்பில் ஓர் அஞ்சலுக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோட், அதாவது அதன் விவரங்களை வைத்திருக்கும் பதிவு, வேண்டும். இஎக்ஸ்டி4, வட்டைத் தயார் செய்யும்போதே ஐநோட்களின் எண்ணிக்கையை வகுத்துவிடுகிறது. இயல்பாக 16,384 பைட்டுக்கு ஒன்று. ஒரு டெராபைட்டுக்குச் சுமார் 6.7 கோடி. அஞ்சல்களின் சராசரி அளவு 16 கிலோபைட்டுக்குக் கீழே இருந்தால், இடம் மிச்சமிருக்கும்போதே ஐநோட் தீர்ந்துவிடும். அப்போது வரும் பிழைச் செய்தி, ‘வட்டில் இடமில்லை’! நிர்வாகி, வட்டில் உள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை ஓட்டிப் பார்த்தால் பாதி வட்டு காலியாக இருக்கும்; குழம்பிப்போவார். ஐ என்ற தெரிவையும் சேர்த்து ஓட்டினால்தான் உண்மை தெரியும். ஐநோட் அடர்த்தியைப் பிறகு கூட்ட வழியில்லை. வட்டைத் தயார் செய்யும்போதே 4,096 பைட்டுக்கு ஒன்று என்று கேட்டுவிட வேண்டும்.

எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் இந்தத் தலைவலி குறைவு. தேவைப்படத் தேவைப்பட அது ஐநோட்களை உருவாக்கிக்கொள்கிறது. ஆனால் அதைப் பெரிதாக்குவது போலச் சுருக்க முடியாது. வட்டில் அதற்கு ஒதுக்கும் பகுதியான பார்ட்டிஷனின் அளவை யோசித்து வையுங்கள்.

சிறு கோப்புகள் என்றதும் மூத்த நிர்வாகிகளுக்கு ரெய்சர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை நினைவுக்கு வரும். 2000களின் தொடக்கத்தில் அஞ்சல் சர்வர்களில் அதற்கு நல்ல பெயர். இன்று அது லினக்ஸ் கெர்னலிலேயே இல்லை, 6.13 பதிப்போடு நீக்கிவிட்டார்கள். பழைய சர்வரை மேம்படுத்தும் முன் அந்தத் தரவை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைகள் இரண்டும் செக்சம் (தரவு சிதைந்ததைக் கண்டறியும் சரிபார்ப்பு எண்), ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து நிலையின் பதிவு) தருகின்றன. பெரிய அஞ்சல் பெட்டிக் களஞ்சியத்துக்கு அவை உண்மையாகவே நல்லவை. ஆனால் அஞ்சல்கள் பட்டுவாடாவுக்குக் காத்திருக்கும், நொடிக்கு நொடி எஃப்சின்க் விழும் வரிசைக்கு அவற்றை நான் வைக்க மாட்டேன்.

என் தேர்வு இது: போஸ்ட்ஃபிக்ஸ் வரிசைக்குத் தனியாக ஒரு சிறிய இஎக்ஸ்டி4, அஞ்சல் பெட்டிகளுக்கு எக்ஸ்எஃப்எஸ். வரிசைக்குள் இருக்கும் கோப்புறைகளைத் தனித்தனிப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்காதீர்கள். அவை ஒரே கோப்பு முறைமையில் இருந்தாக வேண்டும்.

[திரை: இரண்டு கணினிகள், நடுவில் மின்கம்பி]

பயன்பாட்டுக்கு விடும் முன் ஒரு சோதனை. இன்னொரு கணினியிலிருந்து எண்ணிட்ட அஞ்சல்களைத் தொடர்ந்து அனுப்புங்கள். 250 வந்த எண்களை அங்கேயே பதிந்துகொள்ளுங்கள். நடுவில் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். ரீபூட் கட்டளை போதாது. அதில் வட்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், கேஷ் சோதிக்கப்படாது. சர்வர் எழுந்ததும் பதிவிலுள்ள எண்களை, வந்து சேர்ந்த அஞ்சல்களோடு ஒப்பிடுங்கள். ஓர் எண் குறைந்தாலும் முதலில் வட்டையும் கன்ட்ரோலரையும் சந்தேகியுங்கள். கோப்பு முறைமையைப் பிறகு பார்க்கலாம்.